காசிமேடு வரை வந்த வாடை

அன்று சாப்பிட உட்கார்ந்தவர்கள் மொத்தம் நாலு பேர். வீட்டுக்கார சரோஜா அக்கா, கீழ்வீட்டு ஷேர் ஆட்டோ பாபு, என் மனைவி தேவி, அப்புறம் நான். "நானும் அங்கதான் இருந்தேன்" என்று திருவொற்றியூரில் பாதிப் பேர் சொல்வார்கள். நம்பாதீர்கள்.

மாடியில் நான் போட்டிருந்த பெயிண்ட் டப்பாத் தோட்டம் இருக்கலாமா, கூடாதா என்று அக்கா அன்றைக்குத்தான் சொல்வதாக இருந்தது. "வாட கீட வந்துச்சு, அத்தினி டப்பாவும் அன்னிக்கே எறங்கிடணும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அவர் மனசைக் கரைக்க மாடிச் சுரைக்காயில் கூட்டு, சிறுகீரை மசியல், தக்காளி ரசம்.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். பயத்தை மட்டும் விடவில்லை. சுற்றிலும் கெமிக்கல் கம்பெனிகள். என்றைக்காவது கேஸ் கசியும் என்று கதவோர ஆணியில் ஓர் அவசரப் பை தொங்கும். ரேஷன் கார்டு, ஆதார், கொஞ்சம் பணம், மாத்திரை. அன்று காலை அதற்குள் இன்னொன்றும் போனது: மீன் கழிவையும் வெல்லத்தையும் ஊறவைத்து, செடிக்கு ஊற்றச் செய்த மீன் அமிலம், ஒரு பாட்டில். அக்கா கண்ணில் படக்கூடாதே என்றுதான். (தினம் மூடியைத் திறந்து காற்றை விடச் சொல்லியிருந்தார்கள். வாடை வருமே என்று பயந்து, மூடிக்கு மேல் டேப் சுற்றியிருந்தேன்.)

அக்கா இரண்டாவது கவளத்தை வாயில் வைத்தார். 'டப்' என்று எங்கோ ஒரு சத்தம். பின்னாலேயே அந்த வாடை.

"இன்னாடா இது, கொடலப் பொரட்டுது?" என்றார் அக்கா.

"கேஸ்" என்றேன். இந்த ஒரு நாளுக்காகத்தானே இத்தனை வருஷம் பயந்தேன். ஆளுக்கொரு ஈரத்துண்டைக் கொடுத்து, பையைத் தோளில் மாட்டி, எல்லோரையும் பாபுவின் ஆட்டோவில் ஏற்றினேன். பை சொதசொதவென்றுதான் இருந்தது. துண்டு நனைத்த தண்ணீர் என்று நினைத்தேன்.

"தெருவுல ஒருத்தனும் ஓடலயே மாமு?" என்றான் பாபு.

"அவனுங்களுக்கு வெவரம் பத்தல. நீ வுடு."

தண்டையார்பேட்டை வந்தும் வாடை குறையவில்லை. "காத்து நம்ம பின்னாலயே வந்துகினு கீது. நிறுத்தாத" என்றேன்.

"கைல சோறு காஞ்சிடுச்சுடா" என்றார் அக்கா.

காசிமேட்டில்தான் வண்டி நின்றது. மீன் விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டார். (மீன் மார்க்கெட்டில்.) "யோவ், அந்தப் பையில இன்னாத்த சாவடிச்சு வச்சுகினு கீற? அந்தாண்ட போ, யாவாரத்தக் கெடுக்காத."

திறந்தேன். அமிலத்தில் ரேஷன் கார்டு மிதந்துகொண்டிருந்தது. முதலில் சிரித்தது தேவிதான்.

வீடு திரும்பியதும் அக்கா கை கழுவி உட்கார்ந்து, ஆறிப்போன கூட்டை வழித்துச் சாப்பிட்டார். நான் டப்பாக்களை இறக்க மாடிப்படி ஏறினேன்.

"டப்பாலாம் அங்கியே இர்க்கட்டும். நீ வோணா காலி பண்ணிக்க. தேவி தண்ணி ஊத்திக்கும்."

நான் காலி பண்ணவில்லை. ஆனால் இன்றைக்கும் வீட்டில் பால் தீய்ந்தால்கூட முதல் குரல் "பையப் பாரு" என்பதுதான்.

ஆட்டோ காசை அன்றே பையிலிருந்து எடுத்து நீட்டினேன். பாபு தொடவில்லை. "இத்த எவன் கைல குடுக்குறது?" சரி, போனில் அனுப்புகிறேன் என்றால், "அதுலயும் வாட வரும் மாமு. ஸ்டாண்டாண்ட வந்து எல்லார் முன்னாடியும் குடு" என்கிறான். நான் அந்தப் பக்கமே போவதில்லை.

நூற்று எண்பது ரூபாய், இன்னும் பாக்கி.