பெட்டிக்குள் இருக்கும் டிவி விஷயமாக மாப்பிள்ளைக்கு

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீங்களும் என் மகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். புது வீட்டில் குழாயில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா, ஜன்னல் கதவுகள் சரியாகச் சாத்துகின்றனவா என்றெல்லாம் விசாரிக்க ஆசைதான். ஆனால் தலை சுற்றிக்கொண்டிருப்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் உங்கள் கையாலேயே பலகை அறுத்து, பட்டன் பதித்து, எங்கள் பழைய டிவியை உள்ளே வைத்துச் செய்த அந்த ஆளுயர வீடியோ கேம் பெட்டி எங்கள் முன்னறையில்தான் நிற்கிறது. அதற்கு என் மகள் போட்ட நிபந்தனை உங்களுக்கு மறந்திருக்காது. ஒரு சுவிட்சைப் போட்டால் படம் வரவேண்டும், டார்ச் லைட்டோடு பின்பக்கம் போய்க் குனிந்து, டிவியை ஒரு தட்டுத் தட்டி, ரிமோட்டைத் தேடி அலைய வைக்கிற சாமான் புது வீட்டுக்குள் வராது, ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் பழைய சாமான்காரருக்குப் போகும் என்று சொல்லிவிட்டாள். நீங்கள் முகம் தொங்கிப்போய் நின்றதைப் பார்க்கப் பொறுக்காமல், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன். எனக்கு டிவியைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அதன் எதிரே உட்காருவது மட்டும்தான்.

நீங்கள் போன மறுநாளே சுவிட்சைப் போட்டு, ரிமோட்டை அமுக்கிப் பார்த்தேன். படம் முழுக்கச் சுருங்கி நடுவில் ஒரு வெள்ளைக் கோடாக நின்றது. டிவி மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் பின்பக்கத்தைத் திறந்ததும் முதல் வேலையாக, யாரும் கிட்ட வராதீர்கள், பிளக்கைப் பிடுங்கினாலும் இதற்குள் கரண்ட் நிற்கும் என்றார். மின்விசிறியில் நிற்காத கரண்ட், இஸ்திரிப் பெட்டியில் நிற்காத கரண்ட், இதில் மட்டும் எதற்காக நிற்கவேண்டும் என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலில் எனக்கு ஒன்றும் ஏறவில்லை. ஆனால் உங்கள் அத்தை காதில் அது விழுந்துவிட்டது. முன்னறை வாசலில் இரண்டு நாற்காலியைக் குறுக்கே போட்டுவிட்டாள். அன்றிலிருந்து என்னை ரப்பர் செருப்போடுதான் அந்த அறைக்குள் விடுகிறாள், பேப்பர் எடுக்கப் போனாலும் செருப்புத்தான். மெக்கானிக் உள்ளே எங்கேயோ கம்பியை விட்டுப்போயிருந்த ஈயப் பற்றைத் திரும்ப வைத்தார், கோடு விரிந்து முழுப் படமாகிவிட்டது. ரிமோட் இல்லாமல், சுவிட்சைப் போட்டதும் டிவி தானாக விழிக்கவும் ஒரு வழி செய்யுங்கள் என்றேன். டிவி பார்க்க வேண்டுமென்றால் மனுஷன்தான் எழுந்து போய்ப் போடவேண்டும் என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

பிறகுதான் மேல்மாடியில் குடியிருக்கும் பெண்ணைப் பிடித்தேன். அவள் லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக். "லிஃப்டே கூப்பிட்டா வருது, இது வராதா அங்கிள்?" என்று சிரித்துக்கொண்டே வந்தாள். தீப்பெட்டி அளவு ஒரு சர்க்யூட்டை உள்ளே ஒட்டினாள். பெட்டிக்குக் கரண்ட் வந்ததும் அது கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, ரிமோட் அனுப்புகிற அதே சைகையை டிவிக்கு அனுப்பும், டிவி எழுந்துகொள்ளும், அவ்வளவுதான் என்றாள். சுவிட்சைப் போட்டேன். படம் ஜம்மென்று வந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, உங்களுக்குப் போன் செய்யலாம் என்று எழுந்தேன், உடனே படம் போய்விட்டது. திரும்பச் சுவிட்சைப் போட்டால் வந்தது, கொஞ்ச நேரத்தில் போனது. இதற்கிடையில் ஹாலிலிருந்து உங்கள் அத்தை சத்தம் போடுகிறாள், அவளுடைய டிவி சீரியலில் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிற கட்டத்தில் அணைந்துபோகிறதாம், போட்டால் வருகிறதாம், மறுபடி அணைகிறதாம். மாப்பிள்ளை, நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. பிளக்கை மாற்றிப் பார்த்தேன், செருப்பை மாற்றிப் பார்த்தேன், மெக்கானிக்கைக் கேட்டால் லிஃப்ட்காரியின் சர்க்யூட் என்கிறார், அவளைக் கேட்டால் மெக்கானிக்கின் பற்று என்கிறாள், உங்கள் அத்தையைக் கேட்டால் நான் வேண்டுமென்றே செய்கிறேன் என்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் சொல்லிவருகிற கட்சிதான் அது என்பதால் நானும் வாதாடவில்லை.

கடைசியில் அவளே கண்டுபிடித்தாள். கையில் ரிமோட்டோடு நாற்காலிகளைத் தாண்டி வந்து, "பாருங்க, ரிமோட்டும் செத்துப்போச்சு" என்று என் மூஞ்சிக்கு நேராக அமுக்கினாள். எனக்குப் பின்னால் இருந்த உங்கள் பெட்டி அணைந்தது. மறுபடி அமுக்கினாள், படம் வந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நான் எந்தக் காலத்திலும் கம்பெனி மாற்றாதவன் என்பது உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தந்த பழைய டிவியும், அதற்குப் பதிலாக ஹாலுக்கு வாங்கிய புது டிவியும் ஒரே கம்பெனி, இரண்டுக்கும் ஒரே சைகை. நான் பெட்டியை எழுப்பும்போதெல்லாம் அவள் டிவி தூங்கியிருக்கிறது, அவள் தன் டிவியை எழுப்பும்போதெல்லாம் பெட்டி தூங்கியிருக்கிறது. எழுப்பவும் தூங்கவைக்கவும் ஒரே பட்டன் என்றால், எதற்காக அமுக்குகிறோம் என்று டிவிக்கு எப்படித் தெரியும் என்று லிஃப்ட் பெண்ணைக் கேட்டேன். அதற்குத் தெரியாது அங்கிள், அதுதான் பிரச்சினையே என்றாள். இன்னும் எனக்குப் புரியவில்லை. அவள் தன் சர்க்யூட்டில் சைகை அனுப்புகிற சின்ன விளக்கை, அதை வாங்கிக்கொள்கிற டிவியின் கண்ணோடு ஒட்டவைத்து, மேலே கறுப்பு டேப்பைச் சுற்றிவிட்டாள். இப்போது உள்ளேயிருந்து சைகை வெளியே போகாது, வெளியேயிருந்து உள்ளே வராது. சுவிட்சைப் போட்டால் படம், நிறுத்தினால் இருட்டு. என் மகள் கேட்டபடியே ஆகிவிட்டது. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை தயங்காமல் வண்டியோடு வந்து எடுத்துச் செல்லலாம். உங்கள் அத்தைக்கும் முன்னறை காலியாகும்.

இருவரும் மனம் ஒத்து, நோய்நொடி அண்டாமல், நிறைவாக வாழ எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பி.கு.: உறையை ஒட்டப்போன நேரத்தில் உங்கள் அத்தை கடிதத்தை வாங்கிப் படித்தாள். டேப் சுற்றியதிலிருந்து நாங்கள் பெட்டியைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், இடது பக்கத்துப் பட்டன்கள் அவளுக்கு, வலது பக்கம் எனக்கு. நேற்று என்னை மூன்று ஆட்டம் தோற்கடித்தாள். சீரியலைப் பற்றிப் பேச்சே இல்லை. நாற்காலி இரண்டும் வாசலை விட்டுப் பெட்டிக்கு முன்னால் வந்துவிட்டன. நீங்கள் இருவரும் போன பிறகு இந்த வீடு வெறிச்சென்று கிடந்தது மாப்பிள்ளை. அவள் ஹாலில், நான் முன்னறையில், சாப்பிடக் கூப்பிடுவதைத் தவிரப் பேச்சில்லை. "எடுத்துட்டுப் போகச் சொல்லி எழுதியிருக்கீங்களே, உங்களுக்கு மனசு வருதா?" என்று கேட்டாள். எனக்கும் வரவில்லை. இவ்வளவு எழுதியதை அடிக்கவும் கை வரவில்லை. அதனால் மேலே உள்ளதை நீங்கள் படிக்காததாக வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி சரியாகவில்லை, பழைய சாமான்காரரிடம் மாமாவே கொடுத்துவிடுவார் என்று என் மகளிடம் சொல்லிவிடுங்கள். உங்களுக்கு ஆடவேண்டும் போலிருந்தால் இங்கே வாருங்கள், வாராவாரம் வாருங்கள், அவளையும் கையோடு கூட்டி வாருங்கள், வந்த பிறகு அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன். மாமா பொய் சொல்லச் சொல்கிறாரே என்று நினைக்கவேண்டாம். பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன், சத்தியமாகப் படம் வரவில்லை. உங்கள் அத்தை பக்கத்திலேயே நின்றுகொண்டு, எழுதி முடித்தாயிற்றா, திரும்பச் சொருகலாமா என்று கேட்கிறாள்.