சாகாத கார்டுகளின் குரு

கணினிச் சந்தையில் லிஃப்ட் நின்றுபோய் ஒரு மாதம் ஆகிறது. அதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. ஜனம் மூச்சு வாங்க மூன்று மாடி ஏறியது, கணினிக்குப் படம் வரைந்து கொடுக்கிற கிராபிக்ஸ் கார்டை ஆளுக்கொன்றாகக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு. மேலே மின்னல் குரு இருக்கிறார். தூங்குகிற கார்டை எழுப்புகிறார். அவர் கை பட்டால் வேகம் இரண்டு மடங்கு! தூங்குகிற லிஃப்டை எழுப்பச் சொல்லி ஏனோ ஒருவரும் அவரைக் கேட்கவில்லை.

வரிசையில் படக்காரரும் நின்றார். கட்டாத வீட்டைக் கட்டியதுபோலவே கணினியில் படமாக்கிக் கொடுப்பது அவர் தொழில். அஸ்திவாரம்கூடப் போடாத இடத்தில் பால்கனி வைத்து, பால்கனியில் பூந்தொட்டி வைத்து, தொட்டியின் மேல் சாயங்கால வெயிலையும் அடித்துக் காட்டுவார். ஊருக்கே கண்கட்டு வித்தை காட்டுகிற மனுஷன் இங்கே எப்படி வந்து மாட்டினார் என்று கேட்கிறீர்களா? அவசரம்தான். திங்கட்கிழமைக்குள் ஒரு பெரிய அடுக்குமாடியின் படம் முழுவதையும் கொடுத்தாக வேண்டும். அவருடைய கார்டோ ஒவ்வொரு படத்துக்கும் மாட்டு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தது.

கூடவே அவருடைய கொழுந்தியாள் வந்திருந்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள். லீவு நாளில் அக்காவைப் பார்க்க வந்தவளை, "உங்க மாமா கார்டைக் கழட்டிக்கிட்டு எங்கேயோ கிளம்புறாரு, நீயும் போ" என்று அக்கா துரத்திவிட்டிருந்தாள்.

"மாமா, இந்த பயாஸ் பயாஸ்னு எல்லாரும் சொல்றாங்களே, என்னது அது?"

"கரன்ட் வந்ததும் ‘இவ்வளவு வேகமா ஓடு, இவ்வளவு சூடானா அடங்கு’ன்னு கார்டுக்குச் சொல்ற சின்ன புரோகிராம். கார்டுக்குள்ளேயே இருக்கும். குரு அதை அழிச்சிட்டுத் தன்னோடதை எழுதிடுவாரு."

"எழுதும்போது பாதியில ஏதாவது ஆயிட்டா?"

"கார்டு செங்கல் மாதிரி கிடக்கும்."

"வீட்டுல வேற கார்டு இருக்கா?"

படக்காரர் சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தைக் கவனமாகப் படிக்க ஆரம்பித்தார். வேறு கார்டு இல்லை. இது போனால் திங்கட்கிழமை வேலை போகும். அந்த வேலையை நம்பித்தான் மூன்று மாத வீட்டு வாடகை நின்றுகொண்டிருந்தது.

உள்ளே குரு வீற்றிருந்தார். கறுப்புச் சட்டை, நெற்றியில் பட்டை விளக்கு. மணிக்கட்டில் உடம்பு மின்சாரத்தைத் தரையில் இறக்குகிற பட்டை. அதன் ஒயர் எதிலும் மாட்டாமல் சும்மா தொங்கியது. அதை யாரும் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் அவர் வாயின் மேல்தான்.

"உன் கார்டுக்குள்ள ஒரு சிங்கம் இருக்கு. கம்பெனிக்காரன் அதுக்கு மயக்க மருந்து குடுத்து அனுப்பியிருக்கான். நான் தெளிய வெக்கிறேன். ஊர்ல பல பேரு பயாஸை மாத்துறேன்னு கார்டைச் சாகடிக்கிறான். என் கையில இதுவரைக்கும் ஒரு கார்டுகூடச் செத்ததில்லை!"

கூட்டம் கைதட்டியது. மேசைக் கணினியில் ஒரு கார்டை மாட்டினார். யாருக்கும் திரையைக் காட்டாமல் ஏதோ தட்டினார். மறுபடி கணினி உயிர்பெற்றதும் திரையில் வேகத்தைக் காட்டும் பெரிய எண் ஒன்று விறுவிறுவென்று ஏறியது. கார்டின் விசிறி ஊளையிட்டது. பின்வரிசையில் ஒருவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"கேட்டீங்களா? சிங்கம் முழிச்சிருச்சு!"

படக்காரர் சொக்கிப்போனார். கார்டை நீட்ட இரண்டடி முன்னே வைத்துவிட்டார். கொழுந்தியாள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"குருவே, அந்த எண்ணைக் காட்டுறது யாரோட புரோகிராம்?"

"என்னோடது."

"எங்க கூடத்துல நோயாளியே தன் ரிப்போர்ட்டை எழுதிக்க விடமாட்டோம். மாமா, உங்க பென்டிரைவ்ல வீட்டுப் படம் இருக்குல்ல? விழிச்ச கார்டுல ஒரு தடவை, விழிக்காததுல ஒரு தடவை போட்டுப் பாப்போம். சுவத்துலதான் கடிகாரம் இருக்கே."

குரு புன்னகைத்தார். "வேகத்தைக் கடிகாரத்தால அளக்க முடியாது தாயி."

வேகத்தை வேறு எதனால் அளப்பதாம்? தராசாலா? ஆனால் கூட்டத்தில் பாதித் தலைகள் ஆமாம் ஆமாம் என்று ஆடின.

அப்போது குருவின் முதல் சீடர் எழுந்தார். விளையாட்டு மையம் நடத்துகிறவர். போன வாரம் விழிப்பு வாங்கிய கார்டை, இன்னும் கொஞ்சம் விழிக்கட்டும் என்று மறுபடி கொண்டுவந்திருந்தார்.

"என் கார்டைப் போடும்மா! என் கடையில இது வெண்ணெய் மாதிரி ஓடுது. குரு பேரை நான் காப்பாத்துறேன்!"

"வேணாம்பா, அவசரப்படாதே" என்றார் குரு.

"நீங்க சும்மா இருங்க குருவே. இவங்க வாயை இன்னிக்கு அடைக்கணும்!"

பக்தி முற்றினால் சாமியே தடுத்தாலும் நிற்காது. படக்காரருடையதும் அவருடையதும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். முதலில் படக்காரருடைய தூங்குமூஞ்சிக் கார்டை மாட்டினார்கள். பூந்தொட்டியும் பால்கனியும் வந்து சேர நான்கு நிமிடம். பிறகு சிங்கத்தை மாட்டினார்கள். எண் ஏறியது. விசிறி ஊளையிட்டது. நான்கு நிமிடம் தாண்டியது. ஐந்தும் தாண்டியது. பூந்தொட்டி மட்டும் வந்திருந்தது; பால்கனியைக் காணோம். தொட்டி அந்தரத்தில் நின்றது.

கூட்டம் கடிகாரத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தது. படக்காரர் மட்டும் மெல்லக் குனிந்து, கணினியின் பின்பக்கம் கார்டிலிருந்து வரும் காற்றில் உள்ளங்கையை வைத்தார். இத்தனை வருஷம் இந்தப் பொருளோடு குப்பை கொட்டியவர். முகம் மாறியது.

"காத்து ஜில்லுனு வருது!"

"அதனால என்ன மாமா?"

"என் கார்டு வேலை செஞ்சா இங்க கை வைக்க முடியாது. வேகம் ஏறினா சூடும் ஏறணும். இது வேலையே செய்யலை, வெறும் விசிறியைச் சுத்திக்கிட்டு நிக்குது. கூட்டலை... குறைச்சிருக்காரு!"

எல்லாரும் குருவைப் பார்த்தார்கள். குரு நெற்றி விளக்கை அணைத்தார்.

"பின்னே?" என்றார் எரிச்சலாக. "நிஜமா கூட்டினா பத்துல ரெண்டு செத்துப்போகும். நீங்க என்னைச் சும்மா விடுவீங்களா? பாதுகாப்பா செய்யுங்கன்னு நீங்கதானேய்யா கேட்டீங்க!"

பரவாயில்லை, ஒரு விஷயத்தில் மனுஷன் பொய்யே சொல்லவில்லை. அவர் கையில் ஒரு கார்டும் சாகவில்லைதான். வாசற்படியே தாண்டாதவனுக்கு ரோட்டில் அடிபடாது.

விளையாட்டு மையக்காரர் குருவின் சட்டையைப் பிடித்தார். "என் பழைய பயாஸைக் குடு!"

"எடுத்து வைக்கலையே..."

"வெண்ணெய் மாதிரி ஓடுதுன்னீங்களே?" என்றாள் கொழுந்தியாள். அவர் தலையைத் தொங்கப்போட்டார். பாவம், விசிறியின் ஊளையைக் கேட்டே நம்பிவிட்டார்; வெண்ணெய் அவர் காதில்தான் இருந்திருக்கிறது.

படக்காரருக்கு அவரைப் பார்க்கப் பொறுக்கவில்லை. இன்னும் இரண்டடி முன்னே போயிருந்தால் தன் கதியும் அதுதானே. ஒரே மாடல்தானே என்று, தன் கார்டிலிருந்த பயாஸைப் பென்டிரைவில் நகலெடுத்து அவரிடம் கொடுத்தார். "இதைத்தாங்க முதல்ல செய்யணும். பழசை எடுத்து வெச்சுட்டு, கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, ஒவ்வொரு தடவையும் ஓட்டிப் பாத்து, சூட்டைப் பாத்து... எனக்கு இது தெரியும். தெரிஞ்சும்தான் வந்து நின்னேன்."

அதற்குள் குருவைக் காணோம். பின்வாசல் வழியாக மூன்று மாடியையும் எந்தக் கார்டும் காணாத வேகத்தில் இறங்கியிருந்தார்.

கூட்டம் கலைந்தது. கண் கலங்கிய பின்வரிசை ஆசாமி மட்டும் படக்காரரின் பின்னாலேயே படியிறங்கி வந்தார்.

"அண்ணே, நீங்க சொன்ன மாதிரி ஏத்திப் பாத்து, ஓட்டிப் பாத்து... அதெல்லாம் பெரிய வேலைண்ணே. இவரு டூப்பு, சரி. ஒரிஜினல் குரு எந்தக் கடையில இருக்காரு?"

படக்காரர் கொழுந்தியாளைப் பார்த்தார். அவள் சிரிக்காமல் அந்த ஆளிடம் சொன்னாள்:

"எந்தக் கடைக்கு வேணும்னாலும் போங்கண்ணே. உங்களுக்குப் பதிலா யோசிக்கச் சொல்லி ஒருத்தனுக்குக் காசு குடுத்தா, அவன் அவனுக்காகத்தான் யோசிப்பான்."