பத்தடி என்று எழுதத் தெரியாத கம்ப்யூட்டர்

கோச்சடை, மதுரை
ஆடி மாதம் 12-ஆம் நாள்

மஸ்கட்டில் இருக்கும் என் அருமை மைத்துனன் சூரியபிரகாஷுக்கு, உன் அக்காள் கனகலட்சுமியின் கணவனும், ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் இருபத்தாறு வருடமாக வீட்டு பிளான் வரைந்து கொடுத்துக்கொண்டிருப்பவனுமான நல்லகாமன் ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொண்டது. இங்கே உன் அக்காள் சௌக்கியம். திருநகரில் கட்டிக்கொடுத்த மகள் அஸ்வினியும் மாப்பிள்ளையும் சௌக்கியம். நீ அனுப்பிவைத்த கம்ப்யூட்டரும் சௌக்கியம். நான் ஒருவன்தான் சௌக்கியமில்லை. இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நான் வாயைத் திறந்தாலே, "ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க மச்சான்" என்கிறாய். என் நிலைமையை ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாது மாப்ளை, அதனால்தான் கடிதம்.

சித்திரையில் வந்தபோது நீ சொன்னதை ஞாபகப்படுத்துகிறேன். "ஆவணியில வாரேன் மச்சான், பூமி பூஜை போட்டுருவோம். ஆனா கையால வரைஞ்ச பிளானை இன்னைக்கு எவன் பாக்குறான்? நான் ஒரு சாஃப்ட்வேர் ஏத்தித் தாரேன், ஒரு மாசம் ஓட்டிப் பாருங்க. அதுல வரைஞ்சு குடுத்தா என் வீடு உங்களுக்கு. இல்லைன்னா திருநகர் எஞ்சினியர்ட்ட குடுத்துருவேன், கோவிச்சுக்கக் கூடாது" என்றாய். நான் கோவித்துக்கொள்ளவில்லை. உன் அக்காள்தான், "என் தம்பி வீட்டை எவனோ வரைஞ்சான்னு ஊருல பேச்சு வந்துச்சு, அப்புறம் நீங்க சமையக்கட்டுப் பக்கமே வரக்கூடாது" என்று சொல்லிவிட்டாள். ஆக, இந்த ஒரு மாதத்தில் எனக்கு ஆகவேண்டிய காரியம் ஒன்றே ஒன்றுதான். பக்கத்து மனையில் எழும்பப் போகிற உன் வீட்டை நான் வரையவேண்டும், வேறு எவனும் வரையக்கூடாது. சோற்றுக்கும் மானத்துக்கும் சேர்த்து இந்த ஒரு வேலைதான்.

முதல் நாள் திறந்தவுடனேயே அது, 'இன்னும் முப்பது நாள் இருக்கிறது' என்று எழுதிக் காட்டியது. மறுநாள் இருபத்தொன்பது என்றது. ஐம்பத்துநாலு வயதில், சர்க்கரையும் பிரஷரும் உள்ளவனுக்குக் காலையில் முதல் வேலையாகக் காட்டவேண்டிய வாசகமா இது? சரி, பொறுத்துக்கொண்டு ஒரு முப்பதடிக் கோடு போட்டேன். கோடு வந்தது. மவுஸ் என்கிற அந்த எலியின் முதுகில் இருக்கிற சக்கரத்தை விரல் லேசாகத் தொட்டது, கோட்டைக் காணோம். நாலு சுவரோடு ஒரு வீடே போட்டுவைத்தேன், அதையும் காணோம். அஸ்வினிக்குப் போன் போட்டால், "எங்கயும் போகலப்பா, தள்ளிப் போய்த் தெரியுது" என்கிறாள். தள்ளிப் போனால் தெரியுமா, தெரியாதா நீயே சொல்லு. கடைசியில் கடுகு அளவுக்கு ஒரு புள்ளி கிடைத்தது. வீடோ தூசியோ என்று வேட்டி நுனியால் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை, ஆகவே வீடுதான் என்று முடிவு செய்தேன். இப்படி ஒரு வாரம், காலையில் வீட்டைத் தொலைப்பதும் சாயங்காலம் தேடிக் கண்டுபிடிப்பதுமாகப் போயிற்று.

அதற்குள் செங்கல் காளவாசல் விருமாண்டி வந்து சேர்ந்தான். அவன் வீட்டு பிளானையே பழகிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன், அங்கேதான் சனி பிடித்தது. இந்தச் சாஃப்ட்வேரில் மேசை, நாற்காலி எல்லாம் தயாராக வைத்திருக்கிறார்கள், எடுத்து வைத்தால் போதும். நான் பூஜையறைக்கு ஒரு மணை எடுத்தேன், வந்தது பியானோ. அதைத் தூக்க ஒரு பொத்தானை அமுக்கினேன், பியானோ அப்படியே இருக்க, வீடு முழுவதும் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலமாகத் திரும்பிக்கொண்டது. அது எனக்குத் தெரியவில்லை, பிரின்ட் போட்டுக் கொடுத்துவிட்டேன். கொத்தனார் மனையில் சுண்ணாம்புக் கோடு போட்டும் முடித்துவிட்டார். விருமாண்டியின் சம்சாரம் இருளாயி வந்து பார்த்துவிட்டுப் போட்ட சத்தம் கோச்சடை முழுக்கக் கேட்டது. "அக்கினி மூலையில இருந்த அடுப்பு எப்படிய்யா கன்னி மூலைக்கு நடந்து போச்சு? பூசை ரூம்புல என்னய்யா அது, சவப்பெட்டிக்குக் காலு வெச்ச மாதிரி?" சுண்ணாம்பை அழித்துத் திரும்பப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. நம் தொழிலில் ஒரு முறை உண்டு, உனக்கும் தெரியும். மனையடி சாஸ்திரப்படி அறைக்கு உள்கூடு, அதாவது சுவருக்குச் சுவர் உள்ளளவு, பத்தடி இருந்தால் நெல் குவியும், பதினொன்று இருந்தால் பாலும் சோறும் குறையாது, ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் உள்ள பலனை நாள் கிழமையில் வாயால் சொல்லக்கூடாது. ஆனால் மனை என்பது சாஸ்திரம் படித்துவிட்டா பிறக்கிறது? கூட்டிக் கழித்தால் ஒன்பதே முக்கால்தான் வரும். நான் பேனாவை எடுத்துப் பத்தடி என்று எழுதிவிடுவேன். கொத்தனார் புரிந்துகொண்டு அந்தச் சுவரில் பூச்சை மெல்லிசாக இழுத்துவிடுவார். வீட்டுக்காரர் பத்தடி அறையில் நிம்மதியாகத் தூங்குவார். இது ஏமாற்று அல்ல மாப்ளை. இதில் எனக்கு ஒரு நம்பிக்கையே உண்டு. நம் வீட்டுச் சமையற்கட்டுக்கு இடம் ஒன்பதே காலடிதான் இருந்தது. உன் அக்காள் பதினொன்றுக்குக் குறைந்தால் பால் காய்ச்ச மாட்டேன் என்று நின்றாள். சொந்த வீடுதானே என்று துணிந்து பதினொன்று என்று எழுதினேன். கட்டி முடித்தபின் டேப் வைத்துப் பார்த்தால், சாமி சத்தியமாகப் பதினோரடி இருந்தது! அன்றைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் பேனா எழுதினால் சுவரே நகர்ந்து கொடுக்கிறது என்று இருபத்திரண்டு வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன், வெளியே சொல்லவில்லை, கண் பட்டுவிடும் என்று.

இந்தச் சாஃப்ட்வேருக்கு அந்த நாகரிகமே இல்லை. அளவை அதுவே எழுதுகிறது, நம்மைக் கேட்பதில்லை. விருமாண்டியின் படுக்கையறைக்கு ஒன்பதே முக்கால் என்று போட்டது. அழித்தேன், மறுபடியும் அதையே போட்டது. திரும்ப அழித்தேன், திரும்பப் போட்டது. விருமாண்டி என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான். "அண்ணே, எங்க அண்ணன் வீட்டுக்கும் நீங்கதானே வரைஞ்சீங்க?" என்றான். ஆமாம் என்று பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன். நேராக அங்கே போய் டேப் பிடித்திருக்கிறான். ஒன்பதே முக்கால். அவன் அண்ணனுக்குப் போன வருடம் முழங்கால் தேய்ந்தது இதனால்தான் என்று முடிவாகிவிட்டது. மறுநாள் கோச்சடையில் வீட்டுக்கு வீடு கட்டிலை நகர்த்துகிற சத்தம். ஹார்டுவேர் கடையில் டேப் தீர்ந்துபோய்த் தையல்காரரிடம் இரவல் வாங்கி அளந்திருக்கிறார்கள். பையன் நீட் பரீட்சையில் தோற்றவர் வந்தார், மாடு செத்தவர் வந்தார், மருமகள் தனிக்குடித்தனம் போனவர் மூன்று பேர் வந்தார்கள். ஒருவருக்குத் தலை வழுக்கை, அதற்கும் நான்தான் பொறுப்பாம். "அது ஒங்க அப்பாருக்கும் இருந்துச்சேய்யா" என்றேன். "அவரும் அந்த ரூம்புலதான்யா படுத்தாரு" என்கிறார். இப்போது நான் கடைக்குப் பின்பக்கப் படிக்கட்டு வழியாகத்தான் ஏறி இறங்குகிறேன்.

இனி உன் வீட்டையாவது ஒழுங்காக வரைந்து மானத்தைக் காப்பாற்றிக்கொள்வோம் என்று, பழகுவதற்காக முதலில் என் வீட்டை அளந்து அதில் ஏற்றினேன். இனி வருவதை உட்கார்ந்து படி. உன் அப்பா பேயாண்டி மாமா கொடுத்த அறுபதடி மனையில் எனக்கு மேற்கே முப்பது, உனக்குக் கிழக்கே முப்பது என்று நானே பிரித்து, நானே வரைந்து, நானே எல்லைக்கல் ஊன்றினேன் அல்லவா? கம்ப்யூட்டரில் முப்பதடி மனையைப் போட்டு அதற்குள் என் வீட்டை வைத்தால், வீடு மனைக்குள் அடங்கவில்லை. கிழக்கே துருத்திக்கொண்டு நிற்கிறது. முப்பத்தொன்றே முக்கால் என்கிறது. என் கண்ணைத்தான் நம்பவில்லை, டேப்பையுமா நம்பாமல் இருக்க முடியும்? வெளியே போய் உன் மனையை அளந்தேன். இருபத்தெட்டே கால். என் சமையற்கட்டில் ஒன்றே முக்காலடி உன் பட்டாவில் இருக்கிறது மாப்ளை. உன் அக்காள் நின்று மீன்குழம்பு தாளிக்கிற இடம் உன்னுடையது. இருபத்திரண்டு வருடமாக மைத்துனன் மண்ணில் அடுப்பு வைத்துத் தின்றிருக்கிறேன். பேனா எழுதியதற்குச் சுவர் நகர்ந்தது உண்மைதான், ஆனால் உன் பக்கமாக நகர்ந்திருக்கிறது. எல்லைக்கல்லைத் தப்பாக ஊன்றிய கை என்னுடைய கைதான், வேறு யாரைச் சொல்ல?

இது தெரிந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தச் சமையற்கட்டில் வைத்த குழம்பைத் தள்ளிவைத்துவிட்டு வெறும் மோரைக் குடித்து எழுந்துவிடுகிறேன். ஊர் வீடுகளுக்குத் தப்பு வரைந்தேன், ஊர் ஏசியது. சொந்தத்துக்கும் தப்பு வரைந்தேன் என்றால் என்னை நானே எதைக்கொண்டு அடிப்பது? ஆகவே தீர்மானித்துவிட்டேன். நீ வருவதற்குள் சமையற்கட்டின் கிழக்குச் சுவரை இடித்து உன் நிலத்தை உன்னிடம் விட்டுவிடுகிறேன். உன் வீட்டைத் திருநகர் எஞ்சினியரே வரையட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. டிராயிங் போர்டையும் டி ஸ்கொயரையும் நாளை எடைக்குப் போடுகிறேன். கம்ப்யூட்டர் இன்றைக்கு 'இன்னும் நாலு நாள்' என்று காட்டியது. அது அதனுடைய கெடுவைச் சொல்கிறது என்று அஸ்வினி சொல்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் தலையில் துணி போடாமல் அலையாதே. நம் கோச்சடை முத்தையா சாமி உன்னையும், நீ கட்டப்போகும் வீட்டையும், அதன் எல்லா அறைகளையும் நல்ல அளவில் வைத்துக் காக்கட்டும். உன்னிடம் நேரில் முகம் கொடுத்துப் பேசுகிற தைரியம் எனக்கு வரும் நாளில் பேசுகிறேன்.

இப்படிக்கு,
அளக்கத் தெரியாத உன் மச்சான்,
நல்லகாமன்

பின்குறிப்பு: தம்பி, இது அக்கா எழுதுறேன். கவரை ஒட்டி வைன்னு எங்கிட்ட குடுத்துட்டு உன் மச்சான் குளிக்கப் போயிருக்கார். படிச்சுப் பார்த்தேன், பாவமா இருக்கு. மனுசன் கல்லை ஒழுங்காத்தான் ஊன்னுனார். வீட்டுக்கு நூல் பிடிக்கிறதுக்கு முந்தின நாள், சமையக்கட்டு ஒம்பதே கால்தான் வரும்னு கொத்தனார் சொன்னாரு. பதினொண்ணு இல்லாம நான் எப்படிப் பால் காய்ச்சுறது? கல்லைப் பிடுங்கித் தள்ளி நட்டது நான்தான். கல்லுக்கு ஒரு பக்கம் நான் பிடிச்சேன், மறுபக்கம் பிடிச்சது நீ. பத்தாவது படிச்சுக்கிட்டு இருந்த. வெளிய சொல்லக்கூடாதுன்னு ஆரப்பாளையத்துல உனக்கு நாலு புரோட்டா வாங்கிக் குடுத்தேன். அதை மறந்துட்டியா, இல்ல ஞாபகம் வெச்சுக்கிட்டேதான் இவருக்குக் கம்ப்யூட்டரை அனுப்புனியா? சுவத்துல யாரும் கை வைக்க வேண்டாம், நான் விட மாட்டேன். போர்டும் எடைக்குப் போகாது, கட்டிலுக்கு அடியில தள்ளி வெச்சிருக்கேன். காலையில விருமாண்டியும் இருளாயியும் வீடு தேடி வந்தாங்க. "அக்கா, அந்த மிசின் பிளான் எங்களுக்கு வேண்டாம். அண்ணனையே கையால பத்துன்னு எழுதித் தரச் சொல்லுங்க, அப்பத்தான் எங்களுக்குத் தூக்கம் வரும்"னு கெஞ்சுறாங்க. கல்லு விசயத்தை நீ வந்ததும் நானே பக்குவமா அவர்ட்ட சொல்லிக்கிடுறேன். உன் வீட்டையும் அவரே கையால வரையட்டும். இருபத்தெட்டே காலுக்குள்ள அடக்கி வரையச் சொல்றேன். எழுதும்போது அவரே முப்பதுன்னு எழுதிக்கிடுவார்.