இரும்புலியூருக்கு வந்த குளிர்காலம்

உலகத் தோட்டக்கலை வரலாற்றை இரண்டாகப் பிரிக்கலாம்: கங்காதரன் ஊட்டியில் தாடி ஐரிஸ் கிழங்கு வாங்குவதற்கு முன், வாங்கியதற்குப் பின்.

தாம்பரம் மார்க்கெட்டில் பாத்திரக்கடை வைத்திருந்த கங்காதரன் பேரம் பேசாமல் தபால்தலைகூட வாங்கியவரல்ல. கிழங்கையும் பாதி விலைக்கு முடித்தார். இதழில் தாடி முளைக்கும் சீமைப் பூ. தண்ணீர் அதிகம் கேட்காது. தொண்ணூற்று மூன்றில், லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு ஓடிய இரும்புலியூருக்கு இதைவிட 'விஞ்ஞானபூர்வமான' பூ ஏது? மனைவி சுப்புலட்சுமியின் மல்லிகைக் கொடியைப் பிடுங்கித் தெருவில் போட்டுவிட்டு அங்கே நட்டார். குடியிருப்போர் சங்கத்தின் பொங்கல் தோட்டப் போட்டியில், தலைவர் என்ற முறையில், 'அயல்நாட்டு மலர்' பிரிவையும் புகுத்தினார்.

"பூக்கலேன்னா?" என்றாள் சுப்புலட்சுமி.

"போட்டியில முதல் பரிசு வாங்கலேன்னா தலைவர் பதவியையே விட்டுடறேன். பூக்கிற வரைக்கும் ஷேவிங்கும் கிடையாது."

தாடி வளர்ந்தது, கங்காதரனுக்கு. "சபரிமலையா அண்ணா?" என்று மார்க்கெட்டில் கேட்டார்கள். கௌரவத்துக்காக ஆமாம் என்றவர், செருப்பைத் துறக்க வேண்டியதாயிற்று.

கிழங்குக்குக் கடுங்குளிர் வேண்டும் என்று ஒரு வார இதழ் அறிவித்தது. இரும்புலியூர் மார்கழியோ போர்வையை உதைத்துத் தள்ளும் ரகம். கங்காதரன் மீன்காரி எல்லம்மாவிடம் ஐஸ் கேட்டார்.

"இன்னா சார், வூட்ல விசேஷமா?"

"தோட்டத்துக்குக் குளிர்காலம் கொண்டுவரணும். பாதி ரேட் போட்டுக்கோ."

எல்லம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "பாதி ரேட்டுக்கு மீன் மேல கெடந்த ஐஸ்தான் கீது சார்."

"சில்லுனு இருந்தா சரி."

தினமும் கூடை கூடையாகப் பாத்தியில் குளிர்காலம் கொட்டப்பட்டது. ஜிஎஸ்டி ரோட்டின் இருபுறத்துப் பூனைகளும் 'கள ஆய்வு'க்கு வந்து பாத்தியைத் தோண்டிப் போட்டன.

போட்டியன்று நடுவர் யூனிஸ் டீச்சர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "பூ எங்க சார்?"

"ஓய்வெடுக்குது டீச்சர்."

"இந்த நாத்தம்?"

"அது... சீமை வாசனை."

அந்தப் பிரிவில் போட்டியிட்டவர் அவர் ஒருவரே. எனவே சங்க விதிப்படி முதல் பரிசு அவருக்கே, பதவியும் தப்பியது. பரிசு, பீர்க்கன்கரணை நர்சரியில் தலைவரே நேரில் போய் வாங்கிவைத்த மல்லிகைத் தொட்டி.

சுப்புலட்சுமி குனிந்து கொடியைப் பார்த்தாள். "என் நீலப் புடவைக் கிழிசலால நான் கட்டின கட்டு இன்னும் அப்படியே இருக்கு. நீங்க தெருவில போட்டதைத்தான் நர்சரிக்காரன் சைக்கிள்ல வச்சுக் கொண்டுபோனான். நம்ம கொடியையே சங்கப் பணத்துல வாங்கினீங்களா?"

கங்காதரன் தாடியைத் தடவிக்கொண்டார்.

"சும்மா வாங்கலையே. பாதி விலைக்குப் பேசித்தான் வாங்கினேன்."