இளைக்காத அமிலம்

நெருப்புக்கும் சக்கரத்துக்கும் பிறகு மனித குலம் கண்டுபிடித்த மூன்றாவது மாபெரும் சாதனம் சிக்கனக் குழு. எங்கள் ரசாயனத் தொழிற்சாலையின் சிக்கனக் குழுவுக்கு நானே செயலாளர். ஆகவே இதை மிகுந்த அடக்கத்துடன்தான் சொல்கிறேன்.

எங்கள் தொழில் எளிது. ஆல்கஹாலை அமிலத்தோடு சேர்த்துக் காய்ச்சினால், அது தன்னிடமுள்ள தண்ணீரை விட்டுவிட்டு ஆல்கீன் வாயுவாக மாறும். அதை வாங்கிப்போய்ப் பிளாஸ்டிக் செய்கிறார்கள். பத்தொன்பது வருடமாக அமிலத்தை அளந்து ஊற்றி, கடைசியில் எவ்வளவு மிஞ்சியது என்று சோதித்துப் பதிவேட்டில் எழுதுகிறவர் சோதனைக்கூடத்து அக்கா.

குழுத் தலைவர் அந்தப் பதிவேட்டைப் புரட்டினார். முகம் சிவந்தது.

“உள்ள போன அமிலம் நாப்பது கிலோ. வெளிய வந்ததும் நாப்பது கிலோ. அப்போ இது என்னதாம்மா வேலை செஞ்சுது?”

“அது வினையூக்கி சார். ஆல்கஹால் லேசுல தண்ணிய விடாது. அமிலம் ஒரு புரோட்டானைக் கொடுத்தாத்தான் விடும். வேலை முடிஞ்சதும் அமிலத்துக்கு அது திரும்பி வந்துரும்.”

“கொடுத்துட்டுத் திருப்பி வாங்கிக்கிறதெல்லாம் ஒரு வேலையா? உழைச்சவன் இளைக்க வேண்டாமா?”

மெய்சிலிர்த்துப்போனோம். அமிலத்தை ஏகமனதாகப் ‘பணிநீக்கம்’ செய்தோம். அமிலமே இல்லாதபோது அளக்க ஆள் எதற்கு? அதே மூச்சில் அக்காவையும் வீட்டுக்கு அனுப்பத் தீர்மானித்தோம்.

“அடுத்த மாசம் பொண்ணு காலேஜ்ல சேரணும் சார். இந்த வேலையை நம்பித்தான் இருக்கோம். ஒரே ஒரு நாள் அமிலம் இல்லாம ஓட்டிப் பாருங்க. அப்புறம் என்னை அனுப்புங்க.”

பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டோம். மறுநாள் காலை காய்ச்சினோம். ஆல்கஹால் ஆவியானது, குழாயில் ஏறியது, குளிர்ந்தது, மறுமுனையில் ஆல்கஹாலாகவே சொட்டியது. மறுபடி காய்ச்சினோம். பழைய குருடி, கதவைத் திறடி. சாயங்காலம் வரை ஒரு மூச்சு ஆல்கீன்கூட வரவில்லை.

குழு அவசரமாகக் கூடி மூன்று மணி நேரம் ஆழ்ந்து விவாதித்தது. அமிலம் சகல மரியாதைகளுடன் மீண்டும் பணியில் சேர்க்கப்பட்டது. ஆனால் நடந்த தவறுக்கு யாராவது பொறுப்பேற்க வேண்டுமே!

“அந்தம்மா இவ்வளவு துல்லியமா எழுதி வெச்சதாலதானய்யா நாம ஏமாந்தோம்?” என்றார் தலைவர்.

‘மிதமிஞ்சிய நேர்மையால் குழுவைத் திசைதிருப்பிய’ குற்றத்துக்காக அக்காவின் பணிநீக்கம் உறுதியானது. எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தும் கையைத் தூக்கினேன்.

அக்கா அழவில்லை. “ஒரே ஒரு பதிவு பாக்கி இருக்கு சார்” என்று உட்கார்ந்து எழுதினார். செயலாளர் கையெழுத்து வேண்டும் என்பது விதி. ஆகவே என்னிடம் நீட்டினார்.

‘சிக்கனக் குழு. உள்ளே போனது: ஐந்து பேர். வெளியே வந்தது: ஐந்து பேர். நடுவில் நடந்த வேலை: இல்லை.’

எண்ணிப் பார்த்தேன். என்னையும் சேர்த்து ஐந்துதான். கையெழுத்துப் போட்டேன்.