ஏழரை மணி இஸ்திரியும் எங்கள் கடையும்

மரியாதைக்குரிய பெரியப்பா அவர்களுக்கு,

மேல்மாடியிலிருந்து உங்கள் தம்பி மகள் எலிக்குட்டி பணிவோடும் அதைவிட அதிகமான பயத்தோடும் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். கீழே நீங்களும் சுகம் என்று தெரியும், உங்கள் குறட்டை ஜன்னல் வழியாக ஒழுங்கான இடைவெளியில் வந்துகொண்டிருக்கிறது. அது நிற்கும்போதெல்லாம் நானும் பேனாவை நிறுத்திவிடுகிறேன். அம்மாவின் தையல் மேசைக்கு அடியில், செல்லோ என்ற பெரிய வாத்தியத்துக்குத் தைத்த உறைக்குள் உட்கார்ந்துகொண்டு செல்போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். உறை எனக்குக் கழுத்துவரை வருகிறது. தயவுசெய்து இதை உடனே படிக்க வேண்டாம். பத்து மணிக்கு மேல், காபி குடித்த பிறகு, உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

முதலில் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பார்த்துக் கொடுத்த இடத்திலிருந்து அம்மாவின் இணையக் கடையை இன்று இரவு நான் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டேன். யாரையும் கேட்கவில்லை.

அம்மா வாத்தியங்களுக்கு உறை தைத்து விற்க இணையத்தில் கடை போடுவதென்று முடிவானபோது, அந்தக் கடையை எந்தக் கம்ப்யூட்டரில் வைப்பது என்று வீட்டில் பேச்சு வந்தது. நீங்கள் சோபாவின் நடுவில் உட்கார்ந்து, "இடம் வாடகைக்கு எடுக்கறதுன்னா முகம் தெரிஞ்சவன்கிட்டதான் எடுக்கணும். எதிர்வீட்டு இன்டர்நெட் வயர்காரன் என் சிநேகிதன். அவன்கிட்ட பெட்டி இருக்கு. முடிஞ்சுது" என்றீர்கள். நீங்கள் முடிஞ்சுது என்று சொன்னால் எங்கள் வீட்டில் மின்விசிறிகூட மெதுவாகச் சுற்றும். அப்பா தலையாட்டினார், அம்மா தலையாட்டினார், நானும் ஆட்டினேன். மறுநாள் அப்பாவோடு போய் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். வயர் மாமா வீட்டு மாடிப்படிக்குக் கீழே, மழைச் செருப்புகளுக்கும் பழைய பெயிண்ட் டப்பாவுக்கும் நடுவில், தொடாதே என்று எழுதி ஒட்டிய ஒரு கறுப்புப் பெட்டி உர்ரென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. இதற்குள்ளேதான் அம்மாவின் நாற்பத்தாறு உறைப் படங்களும் இருக்கப் போகின்றன, உலகத்தில் எங்கிருந்து யார் தட்டினாலும் இந்தச் செருப்புகளைத் தாண்டித்தான் உள்ளே வருவார்கள் என்று நினைத்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. உண்மையாகவே சிலிர்த்தது, பெரியப்பா. அன்றைக்கு அந்தப் பெட்டியைப் பார்த்து மனதுக்குள் வணக்கம்கூடச் சொன்னேன்.

பிறகுதான் ஆரம்பித்தது. வேறு ஊரில் இருக்கும் ஓர் இசைப்பள்ளி அம்மாவுக்கு எழுதியது. எண்பது உறை வேண்டுமாம், ஆசிரியர்கள் எல்லோரும் பாடம் தொடங்குமுன் காலை ஏழரை மணிக்குச் சேர்ந்து உட்கார்ந்து கடையைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்களாம். பார்த்தார்கள். கடை இல்லை. மன்னிப்புக் கேட்டு அம்மா எழுத, அடுத்த வாரமும் பார்த்தார்கள். அப்போதும் கடை இல்லை. அம்மா எட்டு மணிக்குத் திறந்து பார்த்தால் கடை சிரித்துக்கொண்டு நிற்கிறது. "நான் பொய் சொல்றேன்னு நினைச்சிருப்பாங்க" என்று அம்மா சொல்லிவிட்டு அன்றைக்கு முழுக்க ஒரே தையலைப் பிரித்துப் பிரித்துப் போட்டார். நாளை காலை ஏழரைக்கு மூன்றாவது முறையாகப் பார்க்கிறார்கள். அதுதான் கடைசி என்று பள்ளியின் தலைவி மிகவும் மரியாதையாக எழுதியிருக்கிறார். அவ்வளவு மரியாதையாக எழுதினால் நிச்சயம் கடைசிதான்.

நான் ஒரு நோட்டில் குறித்துப் பார்த்தேன். ஒன்பது நாள். ஞாயிறு தவிர எல்லா நாளும் ஏழரைக்குக் கடை மறைகிறது, ஏழே முக்காலுக்குத் திரும்பி வருகிறது. கிரகணம்கூட இவ்வளவு ஒழுங்காக வராது. போன வியாழக்கிழமை அப்பா இரவல் வாங்கிய குடையைத் திருப்பிக் கொடுக்க ஏழரைக்கு வயர் மாமா வீட்டுக்குப் போனேன். அத்தை மாடிப்படிக்குக் கீழே குனிந்து, சுவரிலிருந்து ஒரு வயரைப் பிடுங்கிவிட்டு அங்கே இஸ்திரிப் பெட்டியின் வயரைச் செருகிக்கொண்டிருந்தார்.

"வாடி எலிக்குட்டி. என்ன இப்படிப் பேயடிச்ச மாதிரி பாக்கற?"

"அத்தை, அது எங்க கடை."

"எது?"

"நீங்க இப்பப் புடுங்கினது."

"இதுவா? நாள் முழுக்க உர்ருன்னு கத்திட்டே இருக்கு. மாமா சட்டைக்கு இஸ்திரி போடற நேரமாவது வாயை மூடட்டும்னு விடறேன். பாவம், அதுக்கும் ஓய்வு வேணும்ல. இந்தப் பிளக்கு வேற எந்த ஓட்டையிலயும் நுழையாது."

அத்தை நல்லவர், எனக்கு பிஸ்கட்டும் கொடுத்தார். நான் தின்றுகொண்டே, ஒரு காலர், இரண்டு கை, ஒரு முதுகு முடியும்வரை எங்கள் கடை உலகத்தில் இல்லாமல் இருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டில் வந்து சொன்னேன். "அண்ணன்கிட்ட யார் சொல்றது?" என்றார் அப்பா. "உங்க அண்ணன்தானே, நீங்க சொல்லுங்க" என்றார் அம்மா. "எனக்கு நாளைக்கு லிப்ட் ரிப்பேர் வேலை இருக்கு." "எந்த நாளைக்கு?" "நீ எந்த நாளைக்குச் சொல்லச் சொல்றியோ, அந்த நாளைக்கு." அப்புறமும் ஒருநாள் அப்பா தைரியமாகக் கீழே இறங்கி வந்தார், உங்களுக்கு நினைவிருக்கும். பெட்டி சில சமயம் நிற்குதோ என்னவோ என்று ஆரம்பித்தாராம். "என் சிநேகிதன் வீட்ல எதுவும் நிக்காது" என்று நீங்கள் சொன்னதும், ஆமாம் அண்ணா, நிற்காது என்று சொல்லிவிட்டு ஏறி வந்துவிட்டார். லிப்டுக்கு மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவர் அவர். உங்களுக்கு முன்னால் மட்டும் எல்லோரும் தலையாட்டிவிடுகிறோம்.

ஆகவே இன்று இரவு நானே வேறு இடம் தேடினேன். அப்பா வீடு பார்க்கப் போனால் மூன்று கேள்வி கேட்பார்: தண்ணீர் எப்போது நிற்கும், பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள், முன்னால் இருந்தவர்கள் ஏன் போனார்கள். அதையே நான், இணையக் கடைகளுக்கு இடம் வாடகைக்கு விடும் மூன்று கம்பெனிகளிடம் செல்போனில் எழுதிக் கேட்டேன். முதல் கம்பெனி எல்லாம் எல்லையில்லாமல் தருவதாகச் சொன்னது, இடம் எல்லையில்லை, வேகம் எல்லையில்லை. எப்போது நிற்கும் என்று கேட்டேன். எல்லையில்லாத மகிழ்ச்சி என்று பதில் வந்தது. அது மனிதர் இல்லை போல. இரண்டாவது கம்பெனி, உங்கள் கேள்வி எங்களுக்கு மிக முக்கியம் என்று பதினோரு முறை சொன்னது, அந்த முக்கியத்தைப் பார்த்துக்கொண்டே எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. மூன்றாவதில் ஒருவர் இருந்தார். "போன மாசம் நாற்பது நிமிஷம் நின்னுச்சும்மா. எங்க தப்புதான். ஒரு ஸ்விட்ச் பழுது. இப்ப ரெண்டு வச்சிருக்கோம்" என்று எழுதினார். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். "ஒரே கம்ப்யூட்டர்ல இருநூறு கடை. ஒரு கடையில கூட்டம் அதிகமானா உங்களுக்குக் கொஞ்சம் இடிக்கும். அப்படி ஆனா சொல்லுங்க, தள்ளி உக்கார வைக்கறோம்." முன்னால் இருந்தவர்கள் ஏன் போனார்கள்? "சிலர் கடையை மூடிட்டாங்க. சிலருக்கு என்னைப் பிடிக்கல."

பெரியப்பா, எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அங்கே யாராவது இஸ்திரி போடுவார்களா என்று கேட்டேன். சிரிக்கும் பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டு, அந்த இடத்தைப் பற்றி எழுதினார். ஜன்னலே இல்லாத, ஒரு தெரு நீளத்துக்கு ஓர் அறையாம். உள்ளே போகக் கைரேகை வேண்டுமாம். இரண்டு பக்கத்திலிருந்து மின்சாரம் வருமாம், இரண்டும் போனால் பேட்டரி பிடித்துக்கொள்ளுமாம், அது களைப்பதற்குள் டீசல் எஞ்சின் எழுந்துகொள்ளுமாம். மனிதர்களுக்கு ஸ்வெட்டர் வேண்டிய குளிரில், ஆயிரக்கணக்கான பச்சை விளக்குகள் மினுக்கிக்கொண்டு, ராத்திரி பகல் தெரியாமல் விழித்திருக்குமாம். நான் கைதவறி எல்லாவற்றையும் அழித்துவிட்டால் என்று கேட்டேன். நேற்றைய கடையை அப்படியே இன்னொரு ஊரில் எடுத்து வைத்திருப்பார்களாம். நேற்றை எடுத்து வைக்கிறவர்களும் இருக்கிறார்கள், பெரியப்பா. அம்மா மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு போட்ட ஒவ்வொரு தையலின் படத்தையும் அந்தப் பெரிய குளிரில் யாரோ காவல் காக்கப் போகிறார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. முதல் மாதம் இலவசம் என்றதும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

வயர் மாமா அப்பாவிடம் கொடுத்த சீட்டில் இருந்த ரகசியச் சொல்லைப் போட்டேன், அம்மாவின் போனுக்கு வந்த ஆறு எண்களைப் போட்டேன், மூன்றாவது கம்பெனிக்காரர்களே கடையை மூட்டை கட்டி எடுத்துப் போய்விட்டார்கள். பெட்டியில் இருக்கும் பழைய கடையை அழிக்கவில்லை, அதற்கு எனக்குத் தைரியம் இல்லை.

உங்களிடம் மூன்று வேண்டுகோள். அத்தையிடமும் மாமாவிடமும் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டாம். ஒரு வாரம் அந்த வீட்டுப் பக்கமே போக வேண்டாம். என்னைக் கூப்பிட்டு விசாரிப்பதாக இருந்தால் அம்மா இல்லாத நேரத்தில் கூப்பிடுங்கள். இந்தக் கடிதத்தை நீங்கள் விடியற்காலையில் போடும் நடைப்பயிற்சி ஷூவுக்குள் வைக்கிறேன். உங்கள் ஆரோக்கியமும் கைக்கடிகாரமும் நீண்ட காலம் நன்றாக ஓட வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உங்கள் கீழ்ப்படிந்த (இன்று தவிர),
எலிக்குட்டி

பின்குறிப்பு: பெரியப்பா, உடனே படியுங்கள். காபி வேண்டாம். இப்போதுதான் அந்த மனிதர் எழுதினார்: கடை இடம் மாறிய செய்தி உலகம் முழுக்கப் போய்ச் சேர ஒரு நாள் ஆகுமாம். அதுவரை சிலர் புதிய இடத்துக்கு வருவார்கள், சிலர் பழைய இடத்துக்கே போவார்கள். இசைப்பள்ளிக்காரர்கள் எங்கே போவார்கள் என்று அவருக்கே தெரியாதாம். "பழைய பெட்டி நாளைக்கு மட்டும் அணையாம இருந்தா போதும்" என்கிறார். ஆகவே மேலே கேட்ட மூன்றையும் மறந்துவிடுங்கள். நேராக எதிர்வீட்டுக்குப் போங்கள். எல்லாவற்றையும் சொல்லுங்கள். முப்பத்தோரு வருடம் பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்தவர் நீங்கள், நீங்கள் கையை உயர்த்தினால் பேருந்தே நின்றிருக்கிறது. நாளை ஏழரையிலிருந்து எட்டு மணிவரை அந்த இஸ்திரிப் பெட்டியை நிறுத்திப் பிடியுங்கள். மாமா ஒரே ஒரு நாள் கசங்கிய சட்டையோடு போகட்டும். முடியாது என்றால் உங்கள் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிடுங்கள், அது எப்போதும் மடிப்புக் கலையாமல் இருக்கும்.