நானூறு எச்பியும் நாலு லிட்டர் பாலும்

போன வெள்ளிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதானுங்க. துடியலூர்ல இருந்து காரமடைக்கு நாலு லிட்டர் பால் கொண்டுபோகோணும்.

அவ்வளவேதான். பஸ்ஸு நம்மூட்டு முன்னாலயே நிக்கும்.

காரமடையில எந்தங்கச்சி தங்கமணி புது ஊடு கட்டியிருக்குது. பால் காய்ச்சறதுக்குப் பொறந்தவன் ஊட்டு மாட்டுப்பால்தான் வேணும்னு ஒரே புடி. பத்தரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள பால் பொங்கிப்போடோணும்.

"அண்ணா, இந்தத் தடவையாச்சும் நேரத்துக்கு வந்துருங்க"ன்னு முந்தின நாளே போன்ல சொல்லிப்போட்டுது.

அதென்ன 'இந்தத் தடவையாச்சும்'னு கேப்பீங்க. மோட்டார் காயில் கட்டறதுதானுங்க நம்ம தொழில். தங்கமணி புள்ளைக்குக் காது குத்தறன்னைக்கு, மடியில வெச்சுக்க வேண்டிய தாய்மாமன் நானு, ஒரு மோட்டாரைப் பிரிச்சுப்போட்டு ஒக்காந்துட்டேன். இருபது வருசம் ஆச்சு. காது குத்துன புள்ளைக்கே நெனப்பில்லை. தங்கமணிக்கு இருக்குது.

அந்தக் கெட்ட பேரைத் தொடைக்கோணும்னு சீருக்கு ஒரு பித்தளைக் குண்டா வாங்குனேன். கடைக்காரரு, "நாலு லிட்டருக்கு இது தாராளம்ங்க"ன்னு சின்னதா ஒண்ணைக் காட்டுனாரு.

"பொறந்தவன் சீருங்க! நாலு பேரு கண்ணுல படோணும்"னு பெருசா எடுத்துப்போட்டேன். அது முந்தின நாளே எம்மவ கூடக் காரமடைக்குப் போயிருச்சு.

பாக்கி பால் ஒண்ணுதான்.

அப்பத்தான் மாப்ள வந்து சேந்தாருங்க. எம்மவளைக் கட்டுனவரு. கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை. புதுசா ஒரு கரண்டு காரு எடுத்திருக்காரு.

"மாமா, பஸ்ஸெல்லாம் வேண்டாங்க. நம்ம காருலயே போயிரலாம். நானூறு எச்பிங்க!"

எனக்குத் திக்குன்னுச்சு. எங்கள்ல எச்பின்னா கெணத்து மோட்டாருங்க. அஞ்சு எச்பி போட்டா ஒரு தோட்டமே பாயும். நானூறுன்னா எம்பது கெணறு! எம்பது கெணத்தை வாசல்ல நிறுத்தியிருக்காரு மனுசன்.

"ஏனுங் மாப்ள, இத்தனை எச்பி எதுக்குங்க?"

"ஓவர்டேக் பண்ண மாமா."

"யாரைங்க?"

மாப்ள யோசிச்சாரு. "முன்னாடி போறவங்களைத்தான்."

"கெணத்து ஊத்தைப் பாத்துத்தான் மோட்டார் போடோணும் மாப்ள. சின்னக் கெணத்துல பெரிய மோட்டாரைப் போட்டா காத்தைத்தான் இழுக்கும்"னு நான் கடையில எல்லாருக்கும் சொல்றதை அவருக்கும் சொன்னேன்.

மாப்ள சிரிச்சாரு. "நீங்களே ஓட்டிப் பாருங்க, அப்பறம் சொல்லுங்க."

வேண்டாம்னு சொல்லியிருக்கோணும். நாப்பது வருசமா மோட்டார் பாக்கறவன்கிற திமிருங்க. போய் ஒக்காந்துட்டேன்.

என்ற சம்சாரம் சரசு பட்டுச்சேலை கட்டிக்கிட்டு, பால் கேனை மடியில வெச்சுப் பின்னால ஒக்காந்தா. மூடியைத் தொறந்து பாலைப் பாத்துக்கிட்டு இருந்தா. மாப்ள கேட்டைத் தொறக்கப் போனவரு அங்கிருந்தே, "பிரேக்கை மிதிச்சு பட்டனை அமுக்குங்க மாமா, அந்தக் குச்சியைக் கீழ தள்ளுங்க"ன்னாரு.

செஞ்சேன். சத்தமே இல்லை.

இங்கதானுங்க என்ற தொழில் என்னையக் கவுத்துச்சு. மோட்டார் ஓடுதா இல்லையான்னு நான் காதுலதான் பாக்கறது. உர்ருன்னா ஓடுது. உம்முன்னு இருந்தா கெபாசிட்டர் போயிருச்சு. இது உம்முனுகூட இல்லை.

"சரசு, மாப்ள வண்டியில மோட்டார் எரிஞ்சுபோச்சாட்ட இருக்குது"ன்னேன்.

"உங்களுக்கு எல்லாமே எரிஞ்சதாத்தான் தெரியும்"னா.

சத்தம் வருதான்னு பாக்கலாம்னு காதைக் கீழ சாச்சுக்கிட்டு, ஒரே ஒரு மிதி மிதிச்சேன்.

எம்பது கெணறும் ஒண்ணாக் கெளம்பிருச்சுங்க!

கேட்டுப்பக்கம் போகலை. அது வரைக்கும் புண்ணியம். பக்கவாட்டுல இருந்த வைக்கப்போருக்குள்ள போய்ப் பாதி வண்டி பொதைஞ்சு நின்னுச்சு. கண்ணாடி எறக்கியிருந்ததுல வைக்கோல் என்ற தலையிலயும் மடியிலயும் வந்து ஒக்காந்துருச்சு. வண்டிக்குள்ள ஒரு பொம்பள இங்கிலீசுல என்னமோ சொல்லுச்சு.

ஓடியாந்த மாப்ளையைக் கேட்டேன், "என்ன சொல்லுதுங்க அது?"

"முன்னாடி தடை இருக்குதாம் மாமா."

"அது எனக்கே தெரியுதுங்களே!"

அப்பறந்தான் பின்னால இருக்கறவ நெனப்பு வந்துச்சு. திரும்பிப் பாத்தேன். சரசு தலையில இருந்து கால் வரைக்கும் பால் சொட்டச் சொட்ட ஒக்காந்திருக்கறா.

"அபிசேகம் ஆயிருச்சு. அப்பிடியே சூடத்தையும் காட்டிப்போடுங்க"ன்னா.

கேன்ல ஒரு லிட்டர் மிச்சம். மாட்டுகிட்ட மறுக்காப் போனேன். கன்னுக்குட்டி குடிச்சு முடிச்சு வாயைத் தொடைச்சுக்கிட்டு நின்னுச்சு.

வண்டிக்கு ஒரு கீறல்கூட இல்லைங்க. சரசு தலைக்குத் தண்ணி ஊத்தி வேற சேலை கட்டி வர்றதுக்குள்ள மணி ஒம்போதரை. இந்தத் தடவை மாப்ளதான் ஓட்டுனாரு.

"பயப்படாதீங்க மாமா. இந்த வண்டிக்குக் காரமடை ஒரு தூரமே இல்லை."

நெசந்தானுங்க, தூரம் இல்லை. ரோடும் இல்லையே! முகூர்த்த நாளு. மேட்டுப்பாளையம் ரோட்டுல முன்னால பஸ்ஸு, பின்னால பஸ்ஸு, நடுவுல வாழைத்தார் ஏத்துன டிராக்டரு. நானூறு எச்பியும் அந்த வாழைத்தாருக்குப் பின்னால குனிஞ்ச தலை நிமிராமப் போச்சு.

"ஓவர்டேக் பண்ணுங்க மாப்ள"ன்னேன். சும்மாத்தான் சொன்னேன்.

மாப்ள ஏசியைக் கூட்டி வெச்சாரு.

தங்கமணி போன் பண்ணுது. "அண்ணா, எங்க வாறீங்க?"

"வந்துக்கிட்டே இருக்கறம் அம்மணி."

"காதுகுத்துக்கும் இதையேதான் சொன்னீங்க."

மணி பத்து. பெரியநாயக்கன்பாளையமே தாண்டலை. அப்ப பக்கத்துல டர்ருன்னு ஒரு மொபெட் வந்து நின்னுச்சு. பாத்தா நம்ம பழனிசாமி. நம்ம கடைக்கு மோட்டார் கொண்டுவர்றவன். ஜன்னல்ல குனிஞ்சு கேட்டான்.

"ஏனுங்ணா, வண்டி ரிப்பேருங்களா?"

மாப்ள மூஞ்சியைப் பாத்திருக்கோணுமே!

"பழனிசாமி, எங்கப்பா போற?"

"மேட்டுப்பாளையம்ங்ணா."

நான் கேனைத் தூக்கிக்கிட்டு எறங்கிப்போட்டேன். சரசு, "போங்க, போங்க. நானும் மாப்ளையும் ஓவர்டேக் பண்ணிக்கிட்டு வாறோம்"னா.

மொபெட்டு சந்துல பூந்து, மண்ணுல எறங்கி, டிராக்டரையும் தாண்டிருச்சு. மூணு நாலு எச்பி இருந்தா அதிகம்ங்க. பத்து இருவதுக்குப் புது ஊட்டு வாசல்ல எறங்குனேன்.

தங்கமணி என்னையவும் என்ற தலையில ஒட்டியிருந்த வைக்கோலையும் ஏற எறங்கப் பாத்துது. "காருல வாரேன்னீங்க?"

"காரு பின்னால வருது. மொதல்ல அடுப்பைப் பத்த வை கண்ணு."

அடுப்புல அந்தப் பித்தளைக் குண்டா ராசாவாட்ட ஒக்காந்திருந்துச்சு. பாலை ஊத்துனேன்.

ஊத்துன பால் எங்க போச்சுன்னே தெரியலைங்க!

ஒரம்பரை, சொந்தபந்தம் எல்லாம் சுத்தி நின்னு எட்டிப் பாக்கறாங்க. ஒரு பெரியம்மா, "பாலு இன்னும் வரலியா சாமி?"ன்னு கேட்டாங்க.

"அடியில பாருங்க பெரியம்மா."

அடியில பால் கொதிக்குது. பொங்கி மேல வர்றதுக்கு அது இன்னும் முக்கால் குண்டா ஏறோணும். மணி பத்து இருவத்தஞ்சு. தங்கமணி கண்ணுல தண்ணி கட்டிருச்சு. "பாக்கெட் பால் ஊத்தலாமா"ன்னு ஒருத்தர் கேட்டதுக்கு, "எங்கண்ணன் ஊட்டுப் பால்தான் பொங்கோணும்"னுது. அந்த நேரத்துலயும் என்னைய உட்டுக்குடுக்கலை பாருங்க. 

கூடவே உள்ள வந்து எனக்குப் பின்னால நின்ன பழனிசாமி மெதுவாச் சொன்னான்.

"நீங்கதானுங்ணா சொல்லுவீங்க, ஊத்தைப் பாத்துத்தான் மோட்டார் போடோணும்னு."

சுருக்குன்னு இருந்துச்சு. "அம்மணி, ஒரு சொம்பு கொண்டா!"ன்னேன்.

சின்னப் பித்தளைச் சொம்பு. பாலை அதுல மாத்தி வெச்சோம். ரெண்டே நிமிசம். நுரை கெளம்பிக் கழுத்தைத் தாண்டி நாலு பக்கமும் வழிஞ்சுது. பொண்டுங்க கொலவை போட்டாங்க. மணி பத்து இருவத்தொம்போது.

மாப்ளையும் சரசும் வந்தப்ப ரெண்டாம் பந்தி நடந்துக்கிட்டு இருந்துச்சு.

சாயங்காலம் மாப்ள, "வாங்க மாமா, கொண்டுபோய் உட்டர்றேன்"ன்னாரு. சரசு, "உங்களுக்கு எதுக்குங் மாப்ள செரமம்"னு சொல்லிப்போட்டுப் பஸ்ஸுல ஏறிட்டா. நானும் ஏறிட்டேன். இது எத்தனை எச்பிங்கன்னு டிரைவரைக் கேக்க வாயைத் தொறந்தேன். சரசு திரும்பி ஒரு பார்வை பாத்தா. கேக்கலை.

காதுகுத்துப் பேச்சைத் தங்கமணி அன்னையோட உட்டுப்போட்டுது. இப்பல்லாம் போனை எடுத்தாலே, "அண்ணா, தலையில வைக்கோலெல்லாம் போயிருச்சுங்களா?"ங்குது.